ஐஸ் கம்பெனிக்குப் போன கோட்

ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஐந்தே முக்கால். முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. நீலத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பிளாட்பாரத்தின் மேல் நீண்டு கிடந்தது. உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்று நினைத்து நான் விலகி நடந்தேன். அம்மா நின்றுவிட்டாள். குனிந்து, அந்தக் கையின் மணிக்கட்டுப் பக்கத்தை இரண்டு விரல்களால் பிடித்துக் கசக்கினாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு எதையுமே பார்க்காதவள் போல எழுந்து அடுத்த குவியலுக்குப் போய்விட்டாள்.

அது ஒரு கோட்டின் கை. கம்பளித் துணி. ஒரு பொருள் பிடித்துவிட்டால் அதை விட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும் என்பது பழைய துணிச் சந்தையில் அம்மாவின் முதல் விதி. பிடித்தது தெரிந்துவிட்டால் விற்பவரின் குரல் மாறிவிடும்.

எங்கள் வீடு செல்லூரில் இருந்தது. அப்பாவுக்கு விசைத்தறிக் கூடத்தில் மெக்கானிக் வேலை. அம்மா அதே கூடத்தில் நூல் சுற்றினாள். யானைக்கல் தரைப்பாலத்தைத் தாண்டினால் ஞாயிறுதோறும் பிளாட்பாரத்தில் பழைய சாமான் சந்தை கூடும். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறுதான் அதில் துணிக்குப் பெரிய நாள். பண்டிகைக்கு முன்னால் பாத்திரக்காரர்கள் தெருத்தெருவாக வந்து, பழைய துணிக்குப் பதிலாகச் சம்படமும் தூக்குவாளியும் கொடுத்து மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். அந்த மூட்டைகள் எல்லாம் பிரிக்கப்படுவது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டில் பெரிய துணிக்கடைகளின் பைகள் நிறைய உண்டு. துணிக்கடைத் துணி கிடையாது. அம்மா சந்தையில் எடுத்ததைச் சோடா உப்புப் போட்டு அவித்து, துவைத்து, பித்தான்களை மாற்றி, பாய்க்கு அடியில் மடித்து வைத்து, மூன்றாம் நாள் துணிக்கடைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். எனக்கும் அக்காவுக்கும் அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. தெருவில் எங்களைப் பார்த்து, எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டவர்கள் உண்டு. அம்மா பையைக் காட்டுவாள்.

ஆனால் அந்த ஞாயிறு நாங்கள் போனது வழக்கமான துணிக்கு அல்ல. மதுரையில் குளிருக்கு உடுப்புத் தேடிப் போனோம்.

அக்கா பதினொன்றாம் வகுப்பு. கபடியில் மாநில அணிக்குத் தேர்வாகியிருந்தாள். போட்டி குஜராத்தில், சூரத் என்ற ஊரில். செய்தி வந்த அன்று அப்பா தறிக்கூடம் முழுவதற்கும் மிக்சரும் ஜிலேபியும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா வந்தார். காபி குடித்தார். கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு அப்பாவிடம் நெடுநேரம் பேசினார். கிளம்பும்போது கொடியில் காய்ந்துகொண்டிருந்த அக்காவின் விளையாட்டு டவுசரை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படியிறங்கினார்.

வடக்கே குளிரும் என்பது மறுநாள் காலையில்தான் அப்பாவுக்குத் தெரியவந்தது.

“வடநாட்டுக் குளிருன்னா என்னன்னு நெனச்ச? நரம்ப இழுத்துரும். வயசுப் பிள்ள. நாளைக்குக் கை காலு வராமப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? குளிருக்கு உடுப்பு இல்லாம அனுப்ப முடியாது.”

“உடுப்பு இருந்தா?” என்றாள் அம்மா.

“இருந்தாப் போகட்டும். மதுரையில அது எங்கிட்டுக் கெடைக்கும்னு நீயே சொல்லு.”

சாட்சிக்கு அப்பா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்களுக்கென்று தனிப் பேச்சு. முன்னோர்கள் குஜராத்துப் பக்கமிருந்து நெசவோடு வந்தவர்கள் என்று தெரு முழுவதற்கும் தெரியும். ஆகவே அந்த ஊர் விவரம் அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது என்பது அப்பாவின் கணக்கு.

“ஒங்க ஊருதானக்கா. குளிரு எப்பிடி?”

அந்த அக்கா அழகர்கோயிலைத் தாண்டிப் போனதில்லை. ஈரத் தலையைத் துவட்டுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். “கேக்கவா வேணும்? அந்தக் குளிருக்குப் பயந்துதான தம்பி நாங்க கெளம்பி இங்க வந்ததே!”

அவர்கள் கிளம்பி வந்து சில நூறு வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா அதை நேரில் கண்ட சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

எங்கள் அக்கா மட்டும் குறுக்கே பேசினாள். “யப்பா, அங்க அம்புட்டெல்லாம் குளிராதுன்னு எங்க பி.டி. டீச்சரு…”

அம்மா அக்காவின் கால் பெருவிரலை மிதித்தாள். நான் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்ததால் அதைப் பார்த்தேன். தெரியாமல் மிதித்திருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் காலை உடனே எடுக்கவில்லை.

“ஏன் குளிராது? குளிரும்,” என்றாள் அம்மா. “அப்பா சொல்றது சரிதான். உடுப்பு பாக்கணும்.”

பள்ளியில் கொடுத்த சம்மதப் படிவத்தில் திங்கட்கிழமை காலைக்குள் கையெழுத்து வேண்டும். செவ்வாய்க்கிழமை ரயில். நடுவில் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்குப் பயிற்சி இருந்ததால் அம்மா என்னை எழுப்பிக்கொண்டு கிளம்பினாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. வைகையில் கணுக்கால் அளவுக்குச் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கோட்டின் கையை விட்டு நகர்ந்த பிறகு நாங்கள் சந்தையை ஒரு முனையிலிருந்து அலசினோம். அம்மா துணி பார்ப்பது வேகமான காரியம். கழுத்துப்பட்டி, அக்குள், கால் மடிப்பு என்று கை ஓடும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி நைந்த இடம் பார்ப்பாள். பையில் கைவிட்டுத் திருப்புவாள். கடைசியாக மூக்கு. இத்தனைக்கும் நடுவே வாய் விற்பவரோடு வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்.

குளிர் உடுப்பு என்று கிடைத்தவை: கைக்குழந்தைகளின் ஸ்வெட்டர்கள், ஐயப்பன் கோயிலுக்குப் போனவர்கள் வாங்கிய குரங்குத் தொப்பிகள், ஒரு மழைக்கோட், அப்புறம் கல்யாண ரிசப்ஷன் கோட்டுகள். இவைதான் அதிகம். மதுரையில் கோட் என்பது மாப்பிள்ளை ஒரே ஒரு சாயங்காலம் மேடையில் நின்று வியர்ப்பதற்காகத் தைக்கப்படுவது. கல்யாணம் பழசானதும் அது பீரோவிலிருந்து மூட்டைக்கும் மூட்டையிலிருந்து பிளாட்பாரத்துக்கும் வருகிறது. மெரூன், சாம்பல், மயில் நீலம். ஒன்றின் பையில் வாடாத பிளாஸ்டிக் ரோஜா இருந்தது.

அம்மா ஒவ்வொன்றாக எனக்குப் போட்டுவிட்டு வெயிலில் நிறுத்தினாள். குளிர் தாங்குமா என்று பார்க்க மதுரையில் இருந்த வழி அது ஒன்றுதான். எவ்வளவு சீக்கிரம் வியர்க்கிறதோ அவ்வளவு நல்ல துணி. ஆனால் காலை ஏழு மணிக்கே எல்லா உடுப்புக்கும் எனக்கு வியர்த்தது. மழைக்கோட்டுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வியர்த்தது. அம்மா என் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக் கோட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். “வெளிய பகட்டு, உள்ள வெறுந்துணி,” என்றாள்.

நாங்கள் நீலத் தார்ப்பாய்க்குத் திரும்பியபோது அது பிரிக்கப்பட்டிருந்தது. கடைக்காரம்மா பருத்த உடம்புக்காரர். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, கையை முட்டிவரை மடித்துவிட்டிருந்தார். கோட்டைக் காணவில்லை. அம்மா ஒரு பாவாடையை எடுத்து விலை கேட்டாள். ஒரு சட்டையைக் குறை சொன்னாள். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கிடந்தது. அதை எடுத்துக் கொஞ்சநேரம் பேரம் பேசினாள். அவள் கண் மட்டும் சுற்றிச் சுற்றித் தேடியது. கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். கடைக்காரம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

“அதா?” என்றார் அவர், அம்மாவின் பார்வை இறங்கிய இடத்தைப் பார்த்து. “அது விக்கிறதுக்கில்ல மதினி. அது என் மெத்த.”

“சும்மா பாக்கத்தான் கேட்டேன்.”

“பாத்து என்ன செய்யப்போற? இந்தக் கல்லுத் தரையில அது இல்லாம என்னால அரைமணி நேரம் உக்கார முடியாது. எனக்கு மூலம். டாக்டருட்ட நீ கூட்டிட்டுப் போவியா?”

ஆனாலும் ஒரு பக்கமாகச் சரிந்து எழுந்து காட்டினார். கரும்பச்சை நிறம். பெரிய பெண்ணுக்கு முழங்காலைத் தாண்டும் நீளம். ரஸ்க் அளவுக்குப் பித்தான்கள். உள்ளே வழுவழுப்பான இன்னொரு துணி. கழுத்தருகே நெளிநெளியாக ஏதோ எழுத்து. துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுத் துணிப் பொதியில் வந்தது என்றார் கடைக்காரம்மா. ஊரில் ஒருவரும் போட முடியாததால் அவருக்கு இருக்கையானதாம். அம்மா அதை என் கையில் கொடுத்தாள். ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கியதுபோல இருந்தது.

அம்மா சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். “இதவிட மெத்துன்னு ஒண்ணு கொண்டாந்து குடுத்தா?”

“கொண்டா பாப்போம். உக்காந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.”

“இந்தா வாரேன். பாப்பா இங்கயே இருக்கட்டும்.”

அவள் தரைப்பாலத்துப் பக்கம் ஓடியதை நான் பார்த்தேன். அம்மா ஓடி அதற்கு முன் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வந்தவர் வாடகை டிரஸ் கடைக்காரர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு ராஜா, தேவதை, வக்கீல் உடுப்புகள் கொடுப்பவர். நேராக என் மடியில் இருந்த கோட்டைத்தான் பார்த்தார்.

“யக்கா, இந்த வாட்டி குடுத்துரு. நாலு ஸ்கூல்ல துரை வேசம் கேக்குறாய்ங்க. என்ன வேணும்னு சொல்லு.” சொல்லும்போதே சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார்.

கடைக்காரம்மா நோட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாலத்துப் பக்கம் பார்த்தார். அவர் யோசிக்கிறார் என்பது ஒன்பது வயதுக்கும் புரிந்தது. நான் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டேன். கழுத்திலிருந்து கீழ்வரை எல்லாப் பித்தான்களையும் மாட்டினேன். கைகள் உள்ளேயே தங்கிவிட்டன. ஓரம் தரையில் புரண்டது.

“கழட்டு பாப்பா,” என்றார் அவர்.

“எங்கம்மா வரட்டும்.”

“ஒங்கம்மாதான் இன்னும் வாங்கலையே?”

“நானும் இன்னும் கழட்டலையே.”

பக்கத்துக் குவியல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். செருப்புக் குவியல்காரர் சத்தமாகச் சொன்னார்: “மாப்ள, பிள்ளையோட சேத்து வாடகைக்கு எடுத்துட்டுப் போயிரு. துரைக்குத் துணையா துரைசாணியும் ஆச்சு!”

“வெந்துருவ தாயி, கழட்டிரு,” என்றார் டீ கொண்டுவந்த ஆள்.

நான் உண்மையிலேயே வெந்துகொண்டிருந்தேன். உச்சந்தலையில் கிளம்பிய வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கி, முதுகில் ஓடி, முழங்கால் மடிப்பில் தங்கி, பிறகு பாதத்துக்கு வந்தது. மாப்பிள்ளைக் கோட்டுகள் எதற்கும் இப்படி ஓடவில்லை. இதுதான் குளிருக்கான கோட் என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது. அம்மாவிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே நின்றேன். டிரஸ் கடைக்காரர் ஒரு டீ வாங்கிக் குடித்தார். நான் விழுந்துவிடுவேன் என்று காத்திருந்தார்.

அம்மா வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. கக்கத்தில் ஒரு தலையணை. தறிக்கூடத்தில் மிஞ்சும் கழிவு நூலை மாதக்கணக்கில் சேர்த்து, பிரித்து, பஞ்சாக உதறி அவளே அடைத்தது. அது அப்பாவின் தலையணை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எட்டரை மணிவரை தூங்குவார். அப்போது மணி எட்டுகூட ஆகியிருக்கவில்லை. எப்படி உருவினாள் என்று நான் கேட்கவில்லை.

கடைக்காரம்மா தலையணையைக் கல்லில் போட்டு உட்கார்ந்தார். இடது பக்கம் சாய்ந்தார். வலது பக்கம் சாய்ந்தார். ஒருமுறை லேசாக எம்பிப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உக்காரவா? இதுல படுத்தே கெடக்கலாம் போலருக்கே!”

டிரஸ் கடைக்காரர் நோட்டுகளை மறுபடி நீட்டினார். கடைக்காரம்மா கையை ஆட்டிவிட்டார். “போயிட்டு வா மாப்ள. உக்காந்து பாத்தாச்சு, பேச்சு முடிஞ்சுருச்சு.” பிறகு அம்மாவைப் பார்த்து, “அந்தக் காலுறையையும் கொசுறா எடுத்துட்டுப் போ மதினி. பாப்பா வேர்த்ததுக்கு,” என்றார்.

நான் கோட்டைக் கழற்றவே இல்லை. போட்டபடியே தரைப்பாலத்தில் நடந்தேன். புரண்ட ஓரத்தை அம்மா பின்னாலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆற்றில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் கும்பிடு போட்டார்.

வீட்டில் அப்பா எழுந்து, கழுத்தைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். தலையணையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். என் மேலிருந்த கோட்டைப் பார்த்தார். ஓரத்தைத் தூக்கிக் கனம் பார்த்தார்.

“கனமா இருந்தா மட்டும் குளிரு தாங்கிருமா?” என்றார் கடைசியில். “வெயில்ல நின்னு பாத்துட்டு வடநாட்டுக் குளிர எப்பிடிச் சொல்ல முடியும்? சோதிச்சுப் பாக்காம அனுப்ப மாட்டேன்.”

பயிற்சி முடிந்து வந்திருந்த அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அம்மா கோட்டை மொட்டைமாடி வெயிலில் உலர்த்தினாள். சமைத்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். நாலு மணிக்கு மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா முன்னால் வந்து நின்றாள்.

“கெளம்புங்க.”

“எங்க?”

“ஐஸ் கம்பெனிக்கு. சோதிக்கணும்னீங்கள்ல?”

மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் அனுப்பும் கம்பெனி அது. அம்மாவோடு நூல் சுற்றும் ஒரு பெண்ணின் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்தார். தடித்த மரக்கதவு போட்ட ஓர் அறையில் ஐஸ் பாளங்களை ஆளுயரத்துக்கு அடுக்கி, நடுவில் உமி தூவியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் வெள்ளையாக ஆவி வெளியே வந்து காலைச் சுற்றியது. வேலைக்காரர்கள் லுங்கியைத் தூக்கிக் கட்டி, தோளில் ஈரச் சாக்கு போட்டிருந்தார்கள்.

அக்கா கோட்டை வாங்கக் கையை நீட்டினாள். அம்மா அவளிடம் கொடுக்கவில்லை. அப்பாவிடம் நீட்டினாள்.

“அவ போட்டுட்டு வந்து குளிரலன்னா, போற ஆசையில பொய் சொல்றாம்பீங்க. நீங்களே போட்டுப் பாருங்க.”

வேட்டிக்கு மேல் பெண்கள் கோட்டைப் போட்டால் எப்படி இருக்கும் என்பதை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க முடியாது. பித்தான்கள் அப்பாவின் கைக்குப் பழகாத பக்கத்தில் இருந்தன. அம்மாதான் மாட்டிவிட்டாள்.

“அண்ணே, கொடைக்கானல் டூரா?” என்றார் ஒருவர்.

“சும்மா இர்றா. கலெக்டரு கணக்கா இருக்காரு,” என்றார் இன்னொருவர்.

அப்பா உள்ளே போனார். கதவை விரற்கடை அளவுக்கு விட்டுச் சாத்தினார்கள். அந்த இடைவெளியில் நான் கண்ணை வைத்துக்கொண்டேன். அப்பா பாளங்களுக்கு நடுவில், கோட்டுப் பைகளில் கைகளை விட்டுக்கொண்டு நின்றார். ஐஸைத் தொட்டுப் பார்க்கவில்லை. கோட்டையும் தொட்டுப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் எதுவும் இல்லை.

“போதும்ணே, வாங்க,” என்று கூப்பிட்டார் அம்மாவுக்குத் தெரிந்த ஆள்.

“இரு,” என்றார் அப்பா.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். “இரு, வாரேன்.” அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அம்மா மஞ்சள் பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அப்பா எவ்வளவு கவனமாகச் சோதிக்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தறி எந்திரத்தில் கோளாறு பார்க்கும்போதும் அவர் அப்படித்தான் அசையாமல் நிற்பார்.

வெளியே வந்தபோது புருவத்தில் நீர் கோத்திருந்தது. அம்மா அவர் கழுத்துப்பட்டிக்குப் பின்னால் கையை விட்டு எடுத்து, உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டினாள். ஈரம்.

“வேர்த்துருக்கு,” என்றாள்.

அப்பா அக்காவைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். “காலுதான் கொஞ்சம் சில்லுன்னு இருந்துச்சு.”

அம்மா மஞ்சள் பையிலிருந்து சாம்பல் நிறக் காலுறைகளை எடுத்தாள்.

முதலில் சிரித்தது சாக்கு போட்டிருந்த ஆள். அப்புறம் எல்லோரும். கடைசியாக அப்பாவும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா அதே பையிலிருந்து படிவத்தையும் பேனாவையும் எடுத்துவிட்டாள். அப்பா கோட்டைக் கழற்றாமலே, ஐஸ் ஏற்றும் மூன்று சக்கர வண்டியின் பலகையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பலகை ஈரமாக இருந்ததால் படிவத்தின் ஒரு மூலை நனைந்தது. பி.டி. டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பெரியப்பா வந்தார். இந்தத் தடவை அப்பா கதவைச் சாத்தவில்லை.

“குளிருக்கு வழி பண்ணியாச்சுண்ணே. நானே ஐஸ்ல நின்னு பாத்துட்டேன். ஒண்ணும் செய்யாது.”

“குளிரா?” என்றார் பெரியப்பா. “நான் எப்படா குளிரப் பத்திப் பேசுனேன்?”

“பேசலையா?” என்றார் அப்பா. “எனக்கு இருந்த யோசன அது ஒண்ணுதாண்ணே. அதுதான் தீந்துபோச்சே.”

பெரியப்பா மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். அவர் எதைப் பற்றிப் பேசினார் என்பது அப்பாவுக்கு மறந்துவிட்டதே என்று நான் வருத்தப்பட்டேன். அம்மா அடுப்படியில் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஜங்ஷனில் ரயில் கிளம்பியது. கோட்டும் காலுறையும் தனிப் பையில் இருந்தன. பையின் வாயை அம்மா சேலைக் கரையால் முடிந்து கொடுத்திருந்தாள்.

அக்கா கோப்பையோடு திரும்பினாள். அணியில் அதிகப் புள்ளி எடுத்ததற்காக அவளுக்கென்று தனியாக ஒரு பதக்கமும் கிடைத்திருந்தது. தறிக்கூடத்து ஆட்கள் ஜங்ஷனுக்கே வந்து மாலை போட்டார்கள். அப்பா கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார். கோட்டுப் பையைத் தூக்கி வந்தது நான். அம்மா போட்ட முடிச்சு அம்மா போட்டபடியே இருந்தது. அக்கா போனதைவிடக் கறுத்து வந்திருந்தாள். மறுநாள் வகுப்பில், எங்கள் அக்கா வடநாட்டுக் குளிரில் கோட்டே போடாமல் ஜெயித்துவிட்டு வந்தாள் என்று சொன்னேன். ஏன் கறுத்திருக்கிறாள் என்று ஒருத்தி கேட்டாள். பனியும் ஆளைக் கறுக்க வைக்கும் என்று விளக்கினேன்.

அடுத்த வருடமும் அக்கா தேர்வானாள். படிவத்தை அவளே கொண்டுவந்து நீட்டினாள். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் எந்த ஊர் என்று கேட்டார்.

பஞ்சாபில் அமிர்தசரஸ் என்றாள் அக்கா. டிசம்பர் கடைசி வாரம்.